பதினாறாவது கோடு

அந்தக் கடைசி நூறு மீட்டர் கதையைக் குற்றாலிங்கம் பல வருடங்களாகவே நம்பவில்லை. நம்பாமலேயே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறார். வேலைக்கான நேர்முகத்தில் சொன்னார், பெண் பார்க்கப் போன வீட்டில் காபி ஆறும்வரை சொன்னார், தண்ணீரைக் கண்டு நடுங்கி ஏணிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற செல்வராணி டீச்சருக்கு அவருடைய நாற்பத்து நான்காவது வயதில் நீச்சல் பழக்கியபோது தினமும் ஒரு துண்டாகச் சொன்னார். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டும் என்று நாக்குக்கே தெரியும். ஆனால் அதில் ஒரு வாக்கியம்கூட அவருடையது இல்லை. எல்லாம் ஞானதுரை சொன்னது. எண்பத்தாறாம் வருடம் சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில், ஆயிரத்து ஐநூறு மீட்டர் பந்தயத்துக்குக் கரையில் உட்கார்ந்து அவருக்கு எண்ணிக்கை வைத்தவன் ஞானதுரை. பார்த்தவன் அவன்தான். நீந்துகிறவனுக்கு என்ன தெரியும்? அடியில் ஓடும் கறுப்புக் கோடு தெரியும், தன் மூச்சுக் குமிழி தெரியும், அவ்வளவுதான். கதை இதுதான்: ஐம்பது மீட்டர்க் குளத்தில் முப்பது நீளங்களில் இருபத்தெட்டு முடிந்து மணி அடிக்கும்போது நான்காவது லேனில் நந்தகோபன் ஓர் ஆள் நீளம் முன்னால் இருக்கிறான், ஐந்தாவது லேனில் பாளையங்கோட்டைப் பையன் குற்றாலிங்கம் பின்னால், மணிச் சத்தம் கேட்டதும் பையனுக்குள் என்னமோ இறங்குகிறது, கடைசி ஐம்பதில் எட்டிப் பிடித்து, ஒரு கை நீளத்தில் சுவரைத் தொட்டுவிடுகிறான். பத்தொன்பது நிமிடம் பதினெட்டு விநாடி. ஞானதுரை பேன்ட் சட்டையோடு தண்ணீரில் குதித்து அவனைக் கட்டிக்கொள்கிறான். இங்கே எல்லோரும் கை தட்டுவார்கள். செல்வராணி டீச்சர்கூட ஏணியை விட்டுவிட்டுக் கை தட்டி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

இப்போது அந்த டீச்சர்தான் நீச்சல் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஆசிரியர். ஒரு மாதமாக விடவில்லை. "சார், ஒரே ஒரு பக்கம். ஐம்பத்தாறு வயசுலயும் மனசு தளராம நீந்துறது எப்படி? அந்தக் கடைசி நூறு மீட்டர எழுதுங்க, போதும். படிக்கிற எல்லாத்துக்கும் ஒரு தெம்பு வரும்." நேற்று போனில் கொஞ்சம் கறாராகவே சொன்னார்: நாளை சாயங்காலத்துக்குள் வேண்டும், அச்சகத்தில் உங்கள் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. வெள்ளையாகவே விட்டுவிட்டால் என்ன என்று குற்றாலிங்கம் கேட்க நினைத்தார், கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்டபின் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். 'ஒவ்வொரு நாளும் தண்ணீர் என்னை அழைக்கிறது.' அடித்தார். தண்ணீர் யாரையும் அழைக்கவில்லை. மார்கழியில் விடியற்காலை ஆறு மணிக்கு அது யாரையும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 'ஒழுக்கமே ஊக்கத்தின் தாய்.' இது யாரோ பள்ளிக்கூடச் சுவரில் எழுதியது. மூன்றாவதாக 'எண்பத்தாறில்' என்று தொடங்கினார், அந்த ஒரு சொல்லோடு பேனா நின்றுவிட்டது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். அச்சில் வந்தால் தன் பெயருக்குக் கீழே நிற்கும். எங்கேயாவது ஒரு வீட்டில் நந்தகோபனும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிக்கலாம்.

கேட்டுவிட வேண்டும். இன்று கேட்டுவிட வேண்டும். இப்படி நினைப்பதும் புதிதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய எத்தனையோ காலையில் இதே நினைப்போடு கிளம்பியிருக்கிறார். இன்று மட்டும் வலது தோளில் தைலத்தைத் தேய்த்தபடி மனைவி மங்கை கேட்டாள்: "இந்தத் தோள வச்சிக்கிட்டு ஞாயித்துக்கெழமை போட்டியில நீந்தி இனிமே யாருக்கு என்னத்த நிரூபிக்கப் போறிய?" கேலியாகத்தான் கேட்டாள். தைல வாசனையோடு படியிறங்கி வந்துவிட்டார்.

குளத்தின் மேல் லேசாக ஆவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டு, நீச்சல் கண்ணாடியில் எச்சிலைத் தடவிக்கொண்டிருந்தபோது ஞானதுரை வந்தான். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, மறு கையில் பேத்தியின் சிலேட்டு, சட்டைப் பையில் பழைய சைக்கிளில் இருந்து கழற்றிய மணி. ஐம்பத்தாறு வயது அவனுக்கும். வயிறு முன்னால் வந்து, அவன் கொஞ்சம் பின்னால் வந்தான்.

"என்னல, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க? மீன் பிடிக்கப் போறியா?"

"உனக்குத்தாம்ல காத்துக்கிட்டிருக்கேன். ஜெராக்ஸ் கடையத் தொறக்க மட்டும் அஞ்சரைக்கு எந்திரிப்ப."

"கடை எனக்குச் சோறு போடுது. நீ என்னத்தப் போட்ட? ஒரு டீ வாங்கித் தந்திருப்பியா?" நாற்காலியை ஐந்தாவது லேனுக்கு நேராகப் போட்டு, அது ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்து, பிறகு மெல்ல அதில் இறங்கினான். "தோள் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னு எனக்கும் தெரியும், பார்த்தா ரெண்டும் இருக்கத்தான் செய்யி. வலிக்கா?"

"தண்ணிக்குள்ள போனதும் சரியாயிரும். ஞானம், ஒண்ணு கேக்கணும்."

"நீந்திட்டு வந்து கேளு. குளுந்த பொறவு எறங்குனா பிடிச்சிக்கிடும்."

பார், அவனே தள்ளிப்போட்டுவிட்டான் என்று மனம் சந்தோஷப்பட்டது. வெட்கமாகவும் இருந்தது. கண்ணாடியை இழுத்து மாட்டினார், எழுந்து நின்றார், குதித்தார்.

குளிர் முதலில் காதில் ஏறும், பிறகு அக்குளில். இரண்டு மூன்று கைவீச்சுக்குப் பிறகு வலி வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது, தினமும் ஒரே இருக்கையில் வந்து உட்காரும் பயணியைப் போல. முப்பது நீளம். போனால் ஒன்று, வந்தால் இரண்டு. அவர் எண்ணுவது நீளத்தை. ஞானம் எண்ணுவது தொடுகையை. தன் பக்கத்துச் சுவரை அவர் தொடும்போதெல்லாம் சிலேட்டில் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே விழுந்தால் ஒரு கட்டு, மூன்று கட்டு சேர்ந்தால் ஆயிரத்து ஐநூறு. பதினாலாவது கோடு விழும்போது மணி அடிக்க வேண்டும்: இன்னும் நூறுதான், இருப்பதையெல்லாம் கொட்டு என்று. அன்றும் இப்படித்தான். சிலேட்டுக்குப் பதில் ஒரு கறுப்புப் பலகை, சைக்கிள் மணிக்குப் பதில் பித்தளைக் கைமணி. போட்டி நடத்தியவர்களுக்கு எண்ண ஆள் போதவில்லை, சும்மா இருக்கிற வீரர்களையெல்லாம் பிடித்து லேனுக்கு ஒருவராக உட்கார வைத்தார்கள். ஞானம் சும்மா இருந்தான். அன்று காலை நூறு மீட்டரில் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே குதித்துவிட்டான் என்று அவனை விலக்கியிருந்தார்கள். கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். நான்கு. தன் ஊர்க்காரனுக்குத் தானே எண்ணுகிறேன் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்தான். அது தப்பா? அப்போது யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. ஞானத்தின் எண்ணிக்கை ஊரறிந்தது. பாளையங்கோட்டையில் பயிற்சியின்போது ஒரு கோடு கூடவோ குறையவோ வந்ததில்லை. 'கடன்காரன் மாதிரி எண்ணுறான்' என்று திட்டுவார்கள். ஐந்து. ஆறு.

மூச்சு இடது பக்கம், மூன்று வீச்சு, மூச்சு வலது பக்கம். இந்த வித்தையை அவர் முப்பது வயதுக்கு மேல்தான் பழகினார். பத்தொன்பது வயதில் அவன் வலது பக்கம் மட்டுமே மூச்செடுப்பான். அவன் என்றுதான் அந்தப் பையனை இப்போது நினைக்க முடிகிறது, பக்கத்துத் தெருவில் இருந்து எப்போதோ குடிபெயர்ந்துவிட்ட ஒருவனை நினைப்பதுபோல. ஐந்தாவது லேனில் போகும்போது வலது பக்கம் நான்காவது லேன், நந்தகோபன். திரும்பி வரும்போது வலது பக்கம் ஆறாவது லேன், அங்கே யாரோ ஒரு சேலத்துப் பையன், ரொம்பப் பின்னால். அதாவது போகும் நீளத்தில் நந்தகோபன் இருப்பான், வரும் நீளத்தில் இருக்க மாட்டான். பாதி உலகம் தெரியும், பாதி தெரியாது. அதனால்தான் பழக வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார், இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகுங்கள் என்று. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று காரணமும் சொல்கிறார். எட்டு. கழுத்துக்காகத்தானா?

நினைவிருப்பது ஒன்று உண்டு, அது மட்டும் கண்ணாடி போலத் தெளிவு. போகும் நீளம் ஒன்றில் வலது பக்கம் முதலில் நந்தகோபனின் கை வந்தது, பிறகு அவன் வெள்ளைத் தொப்பி, தோள், சிவப்புக் கோடு போட்ட நிக்கர், கடைசியாகப் பாதங்கள், பாதங்களுக்குப் பின்னால் நுரை. நந்தகோபன் அவனைக் கடந்து போனான். ஒரு நீளம் முழுக்க மெல்ல, ஒரு ரயில் இன்னொன்றைக் கடப்பதுபோல. அது எந்த நீளம்? இருபத்து மூன்றா, ஐந்தா? பந்தயத்தின் பிற்பாதி, தொடை ஈயமாகக் கனத்த நேரம், அது நிச்சயம். சரி. ஒருவன் ஒருவனைக் கடக்கிறான். அப்படியானால் முதலில் யார் முன்னால் இருந்தது? அவன் முன்னால் இருந்ததாக அவனுக்கு நினைவே இல்லை. தொடக்கத்திலிருந்தே நந்தகோபன் போய்விட்டான், மூன்றாவது நீளத்திலேயே அந்தப் பாதங்கள் தூரத்தில் இருந்தன. முன்னால் போனவன் மறுபடி பின்னால் இருந்து எப்படி வருவான்? ஒரு வழியில்தான் வர முடியும். குளத்தை முழுதாக ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி வர வேண்டும். ஒன்பது. பத்து. ஒரு கட்டு விழுந்திருக்கும்.

"நீ சும்மா எல்லாத்தையும் போட்டு உழப்பாத," என்று ஞானம் ஒரு தடவை சொன்னான், அவர் அதைத் தொட்டும் தொடாமலும் கேட்டபோது. "நடுவுல நீ ஒரு நேரம் முன்னால வந்த. பொறவு அவன் வந்தான். பொறவு நீ. பார்த்தவன் நான்." பார்த்தவன் நான். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் கேட்டால் அவனைப் பொய்யன் என்பதாகும். முதல் சம்பளத்தில் அவர் வாங்கிக் கொடுத்த சட்டையை ஞானம் கிழியும்வரை போட்டான். அப்பா செத்த அன்று, சொந்தக்காரர்கள் வரும் முன்னால் வந்து வாசலில் பந்தலுக்குக் கம்பு ஊன்றினான். அவனிடம் போய் எப்படி?

நினைவு மாறலாம், விநாடி மாறாது. பயிற்சியாளராக ஆன பிறகு ஒருநாள், இங்கேதான், குளம் காலியாக இருந்த ஒரு மத்தியானம், சும்மா காகிதத்தில் போட்டுப் பார்த்தார். பதினைந்து தொடுகைக்குப் பதில் பதினாலுதான் என்று வைத்து, பத்தொன்பது நிமிடம் பதினெட்டு விநாடியைப் பதினாலால் வகுத்து, வந்ததைப் பதினைந்தால் பெருக்கினால் இருபது நிமிடம் நாற்பத்தொரு விநாடி. அந்தப் போட்டிக்கு முந்தைய மாதம் பயிற்சியில் அவனுடைய சிறந்த நேரம் இருபது நாற்பத்தொன்று. போட்டிக்குப் பிறகு, முப்பது வயதுவரை எத்தனையோ குளங்களில் உயிரைக் கொடுத்து நீந்தியும், அவருடைய சிறந்த நேரம் இருபது முப்பத்தைந்து. ஒரே ஒரு நாள் மட்டும், அந்த ஒரு நாள் மட்டும், பத்தொன்பது பதினெட்டு. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார், பிறகு அதை எடுத்துக் கிழித்தார், பிறகு கிழித்த துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட மனமில்லாமல் தண்ணீரில் நனைத்து உருட்டிப் போட்டார். கொலை செய்தவனைப் போல. பதின்மூன்று. இல்லை, பன்னிரண்டு. இப்போது போகிறேனா வருகிறேனா? நாற்காலி முன்னால் தெரிகிறது, வருகிறேன். அப்படியானால் இரட்டைப்படை. பன்னிரண்டோ பதினாலோ. பதினாலு என்று வைத்துக்கொள். வைத்துக்கொள் என்றால்? இப்படித்தான் நடக்கும். இப்படி ஒரு நினைப்பு குறுக்கே வந்தால் போதும், இரண்டு நீளம் காற்றோடு போய்விடும். தண்ணீருக்குள் இருக்கிறவனுக்கே இப்படியென்றால், அன்று காலை விலக்கப்பட்டு, கண் சிவந்து, பலகையைப் பார்த்தபடி வேறெதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு?

சுவர். மடங்கி, உதைத்து, திரும்பி. அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். எண்ணாமல் நீந்துவது கையை விட்டு சைக்கிள் ஓட்டுவதுபோல இருந்தது. மணி அடிக்கும்வரை போ. அவன் சொல்வான். அன்றும் அவன்தான் சொன்னான். இல்லை, இங்கேதான் கொக்கி. அன்று அவன் எண்ணவில்லையா? எண்ணினான். எல்லோரும் எண்ணுவார்கள், வாய் எண்ணாவிட்டாலும் தொடை எண்ணும். அன்று மணி அடித்தபோது இருபத்தாறு என்றுதான் உள்ளே ஒரு குரல் சொன்னது. மணி இருபத்தெட்டு என்றது. பத்தொன்பது வயதில், நுரையீரல் எரியும்போது, இன்னும் நான்கு இல்லை இரண்டுதான் என்று ஒரு மணி சொன்னால் எவன் மறுப்பான்? நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று அவன் சந்தோஷமாக நம்பினான். அல்லது, அந்தக் குரலே பிறகு வந்து சேர்ந்ததா, காகிதத்தில் கணக்குப் போட்ட மத்தியானத்தில்? எது தண்ணீரில் கேட்டது, எது கரையில் கேட்டது, இனி யார் பிரிப்பது? ஆனால் ஒன்று உண்டு. மணி ஒன்று இல்லை, இரண்டு. முதலில் ஒரு மணி, நான்காவது லேனின் மணி, நந்தகோபனுக்கு. ஒரு மூச்சு இடைவெளி விட்டு இரண்டாவது மணி, அவனுக்கு. இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு தலைகள் ஏறக்குறைய ஒன்றாகச் சுவருக்கு வருகின்றன. பக்கத்தில் இருப்பவன் மணி அடிக்கிறான். ஞானம் திடுக்கிட்டு நிமிர்கிறான். ஒன்றாக வருகிறவர்கள் ஒரே தூரம்தானே வந்திருப்பார்கள்? கூடுதலாக ஒரு கோட்டை இழுத்துவிட்டு, மணியை எடுக்கிறான். யார் வேண்டுமானாலும் இழுத்திருப்பார்கள். நானே இழுத்திருப்பேன். மூச்சு. தோள் இப்போது மரத்துப்போய்விட்டது, அதுவும் நல்லதுக்குத்தான்.

பலகை இருந்தால் தெரிந்திருக்கும். அவன் சுவரைத் தொட்டதும் ஞானம் குதித்தானே, பேன்ட் சட்டையோடு, எல்லோரும் கை தட்டும் இடம், அப்போது பலகையும் அவன் கையோடு தண்ணீருக்குள் போனது. மேலே வந்தபோது வெறும் கறுப்பு. சாக்கட்டி கரைந்துவிட்டது. நடுவர் கேட்டார், "பலகை எங்கப்பா?" ஞானம் சொட்டச் சொட்ட நின்று சிரித்தான். நடுவரும் சிரித்தார். மணி அடித்தது எல்லோருக்கும் கேட்டது, இரண்டு பேரும் ஒன்றாக வந்ததை எல்லோரும் பார்த்தார்கள், போதும். சந்தோஷத்தில் குதித்தவன் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் குதிப்பானா? மாட்டான். சந்தோஷத்துக்குப் பலகை நினைவிருக்காது. ஆனால், பலகையைக் கரைக்க வேண்டும் என்பவனும் குதிப்பான். அதே குதிப்புத்தான். கரையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று. இத்தனை வருடமாக அவர் அந்தக் குதிப்பை மறுபடி மறுபடி பார்க்கிறார்: ஞானம் விளிம்பில், கால் விரல்கள் மடங்கி, முகம், முகத்தில் என்ன இருந்தது? கண்ணாடி ஆவி படிந்து கிடந்தது. முகம் தெரியவில்லை.

நந்தகோபனைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தார், இருபது வருடம் கழித்து, எழும்பூர் ஸ்டேஷனில். நடைமேடையில் மனைவியோடு, இரண்டு பெட்டிகளோடு. நந்தகோபன்தான் அடையாளம் கண்டு வந்தார். நீச்சலை அந்த வருடமே விட்டுவிட்டதாகச் சொன்னார், மருந்து கம்பெனியில் விற்பனை வேலை, ஊர் ஊராகப் போவது. வருத்தமாகச் சொல்லவில்லை. வண்டி வந்துவிட்டது. படியில் காலை வைத்தபடி திரும்பி, சிரித்துக்கொண்டே, "நீங்க என்னை எப்பங்க தாண்டுனீங்க? எனக்குத் தெரியவே இல்ல," என்றார். குற்றாலிங்கமும் சிரித்தார். கூட்டத்தில் பதில் கேட்டிருக்காது என்பதால் சும்மா வாயை அசைத்தார். அந்த வாயசைப்பு, வார்த்தை இல்லாமல் திறந்து மூடிய அந்த வாய், மீனின் வாய், அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. குற்றாலிங்கத்துக்கும் தெரியவில்லை. கடந்தவனுக்கும் தெரியவில்லை, கடக்கப்பட்டவனுக்கும் தெரியவில்லை. பார்த்தவன் ஒருவன்தான்.

செல்வராணி டீச்சர் கேட்கிறார், உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா சார் என்று. அலுத்துவிட்டது. எப்போதோ அலுத்துவிட்டது. நாற்பது வயதில் ஒரு வருடம் நீச்சலை விட்டுப் பார்த்தார். காலையில் நடந்தார், செய்தித்தாள் படித்தார், மங்கையோடு காய்கறி வாங்கப் போனார். எல்லாம் நன்றாக இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. படுத்தால் தொடை எண்ணியது. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, பிறகு சுவர். மறுபடி இருபத்தாறு. மறுபடியும் குளத்துக்கு வந்து முப்பதும் நீந்திய அன்றைக்கு மதியமே அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார். இதை எப்படி ஒரு பக்கத்தில் எழுதுவது? மனம் தளராமல் இருப்பது எப்படி: செலுத்தாத இரண்டு நீளம் எங்கேயோ பாக்கி இருக்கிறது என்ற பயம் இருந்தால் போதும் என்றா? படிப்பவர்களுக்குத் தெம்பு வருமா? ஆனாலும் அது முழு உண்மையும் இல்லை. பயத்துக்காக மட்டும் ஒருவன் இத்தனை ஆயிரம் காலைகளில் தண்ணீருக்கு வர மாட்டான். இதோ இந்த இடம், வெயில் முதன்முதலாகக் குளத்தின் அடியில் வலைபோல ஆடும் இந்த இடம், கை உள்ளே நுழையும்போது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரே ஒரு குமிழி, இதற்காகவும்தான். டீச்சர் முதல் தடவை பிடி இல்லாமல் மிதந்தபோது 'சார், என்னைத் தண்ணி தூக்குது' என்று கத்தினாரே, அதற்காகவும்தான். அந்த வெற்றியால் கிடைத்த வேலை, இந்த வீடு, மங்கை, டீச்சரின் கத்தல், எல்லாம் அந்த ஒரு கோட்டின் மேல் நிற்கிறதா? கோட்டை அழித்தால்?

நேரம் ஆகிறதே. மணி எங்கே? தோளின் மரப்பு போய் வலி திரும்பிவிட்டது. அப்படியென்றால் ஆயிரத்து நானூறை நெருங்கியிருக்க வேண்டும். அவருடைய தோளுக்கு அது நன்றாகத் தெரியும், ஒரு வருடமாக அந்த இடத்தில்தான் கத்துகிறது. சுவரை நெருங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டார். மணி இல்லை. திரும்பிப் போனார். ஞானம் தூங்கிவிட்டானா? வந்தார். டிரிங் டிரிங் என்று சைக்கிள் மணி. இப்போதுதானா? இன்னும் நூறா? தண்ணீருக்குள்ளேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. ஞானதுரைக் கணக்கு. கழகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பகடி அது. ஞானம் சார் எண்ணினால் ஆயிரத்து ஐநூறு என்பது ஆயிரத்து அறுநூறு. யாருக்கு எண்ணினாலும் இரண்டு நீளம் கூடுதலாக விட்டுவிட்டுத்தான் மணியைத் தொடுவான். திட்டினால், 'கூட ரெண்டு நீந்துனா செத்தா போயிருவ?' என்பான். அவனுக்கு வயசாகிவிட்டது, எண்ணத் தெரியவில்லை என்று புதியவர்கள் சிரிப்பார்கள். வயசாகி இல்லையே. எப்போதிலிருந்து இப்படி? இரண்டு பிள்ளை பெற்ற பிறகா? இல்லை. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. எண்பத்தேழில், வேலையில் சேர்ந்த பிறகு முதன்முதலாகப் பயிற்சிக்கு வந்த கோடையில், ஞானம் எண்ணினான், பையன் குற்றாலிங்கம் முப்பத்திரண்டு நீளம் நீந்தினான். சண்டை போட்டது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் கடன்காரன். ஒரு கோடு கூட வராது, குறைய வராது.

போகும் நீளம். இருபத்தொன்பதா, முப்பத்தொன்றா. குற்றாலிங்கத்துக்குக் கை வீச மறந்துவிடும்போல இருந்தது. ஒருவன் கறாராக எண்ணுகிறான். ஒரு நாளில் இருந்து, அந்த நாளுக்குப் பிறகு, வாழ்நாள் முழுக்க, யாருக்கு எண்ணினாலும் ஒரு கோடு கூடப் போட்டுக்கொண்டே இருக்கிறான். இந்தப் பகடிக்கு இத்தனை வருடம் சிரித்திருக்கிறேன், நான் ஒரு பயிற்சியாளன், ஒருவன் கையை எங்கே வைக்கிறான் என்று பார்த்தே அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிறவன். தண்ணீருக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவே இல்லை. அவனும் தூங்காமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறானா? அவரை எதுவும் துரத்தவில்லை, ஆனாலும் கடைசி நீளத்தில் அவர் வேகம் கூட்டினார். இடது பக்கம் மூச்சு, ஆளில்லாத நான்காவது லேன். வலது பக்கம் மூச்சு, ஆளில்லாத ஆறாவது லேன். சுவர்.

விளிம்பில் இரண்டு முழங்கையையும் போட்டுத் தொங்கினார். மூச்சு இரைத்தது. ஞானம் நாற்காலியில் இருந்தபடியே குனிந்து பார்த்தான். "பொழச்சிக் கெடக்கியா?"

"எத்தன?"

"ஆயிரத்தஞ்ஞூறு."

"உங்க ஊரு ஆயிரத்தஞ்ஞூறா?"

"கூட ரெண்டு நீந்துனா செத்தா போயிருவ? தோளு எப்படி?"

குற்றாலிங்கம் கையை நீட்டினார். சிலேட்டைத்தான் கேட்கிறார் என்று புரிய ஞானத்துக்குச் சற்று நேரமாயிற்று. கொடுத்தான். சாக்கட்டிக் கோடுகள் ஒரே அளவில், ஒரே சாய்வில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல அழகாக இருந்தன. மூன்று கட்டு. மூன்றாவது கட்டுக்கு அப்பால், ஒரு விரற்கடை இடம் விட்டு, தனியாக ஒரு கோடு. இந்தக் கோட்டை எத்தனை தடவை பார்த்திருப்பார். ஈரக்கை பட்டால் அழிந்துவிடும் என்று சிலேட்டின் மரச்சட்டத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டார். பிறகு அதைத் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து, நாற்காலிக் காலருகே, கோடுகள் மேலே தெரியும்படி வைத்தார்.

"என்னல அப்படிப் பார்க்க?" என்றான் ஞானம். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றிருந்தது. "காலைல என்னமோ கேக்கணும்னியே."

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை முகம் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பத்தாறு வயது முகம், சரியாகச் சவரம் செய்யாத தாடை, கண் ஓரத்தில் லேசான சிவப்பு. அவன் 'செய்யவில்லை' என்றால் என்ன சொல்வது, 'செய்தேன்' என்றால் என்ன சொல்வது என்று எத்தனையோ வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மெதுவாகத்தான் கேட்டார், தோளில் எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோல.

"அன்னைக்கு, பக்கத்து லேன்காரன் மணி அடிச்சப்போ, உன் பலகையில எத்தன கோடு இருந்துச்சு ஞானம்?"